தோற்ற பிறகு எல்லோரும் பயிற்றுவிப்பாளர்கள்

மலையகத்தில் ஒரு கிரிக்கெட் தோல்வி மைதானத்தோடு முடிந்து போவதில்லை. மறுநாள் காலை பிரட்டுக்களத்தில் தொடங்கி, கொழுந்து நிறுக்கும் இடம், ஹட்டன் பஸ் நிலையம், தலவாக்கலைத் தேநீர்க்கடை, நுவரெலியாச் சந்தை என்று அந்தத் தோல்வி நாள் முழுவதும் ஊர் சுற்றும். "நாநா, அந்தக் கோச்ச முதல்ல வீட்டுக்கு அனுப்பணும்" என்று தோட்டத்துத் தம்பி ஆரம்பிப்பார். கல்லாவில் இருக்கும் நாநா விடுவாரா? "கோச் என்ன செய்வாரு தம்பி? டொஸ் வெண்ட கெப்டன் என்னத்துக்கு பேட்டிங் எடுத்தாரு?" என்பார். தேநீர் ஆறிப்போகும். பேச்சு ஆறாது.

இந்தப் பேச்சு உச்சத்தில் இருந்த ஆண்டு 2017. அந்த ஒரே ஆண்டில் தென்னாபிரிக்கா, இந்தியா, பாகிஸ்தான் ஆகிய மூன்று அணிகளிடமும் ஒருநாள் தொடர்களை 5–0 என்ற கணக்கில் இலங்கை பறிகொடுத்தது. ஜூன் மாதம் பயிற்றுவிப்பாளர் கிரஹம் போர்ட் விலகினார். ஜூலையில் சொந்த மண்ணில் சிம்பாப்வேயிடமே 3–2 எனத் தொடரை இழந்ததும் அணித்தலைவர் அஞ்சலோ மெத்யூஸ் பதவியை விட்டார். அடுத்த மாதம் இந்தியாவுடன் ஆடிய ஐந்து போட்டிகளில் உபுல் தரங்க, சாமர கபுகெதர, லசித் மாலிங்க என்று மூன்று தலைவர்கள். ஒருவருக்குத் தடை, இன்னொருவருக்குக் காயம் என்று காரணங்கள் இருந்தன. ஆனால் தொடர்ந்து தோற்கும் வீட்டில் யார் காரணம் கேட்கிறார்கள்?

அந்தத் தொடரின் இரண்டு போட்டிகள் நம் மலைநாட்டில், கண்டிக்கு அருகிலுள்ள பல்லேகலையில் நடந்தன. ஆகஸ்ட் 24ஆம் திகதி, முதல் நாள்தான் திருமணம் முடித்திருந்த அகில தனஞ்சய ஆறு விக்கெட்டுகளைச் சாய்த்தார். விக்கெட் இழப்பின்றி 109 ஓட்டங்கள் எடுத்திருந்த இந்தியா, ஏழு விக்கெட்டுக்கு 131 என்றானது. வெற்றி கைக்கு வந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். தோனியும் புவனேஷ்வர் குமாரும் சேர்ந்து அதைத் தட்டிப் பறித்தார்கள். மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 27ஆம் திகதி, இந்தியாவுக்கு இன்னும் எட்டு ஓட்டங்களே தேவை என்ற நிலையில் ரசிகர்கள் போத்தல்களை வீசினார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆட்டம் நின்றது. தோனி மைதானத்திலேயே படுத்து ஓய்வெடுத்த படத்தை உலகமே பார்த்தது. இரண்டு நாளில் சனத் ஜயசூரிய தலைமையிலான தெரிவுக்குழு பதவி விலகல் கடிதம் கொடுத்தது.

ரசிகனின் கோபத்தை நாம் குறை சொல்ல முடியாது. நாட்சம்பளத்தில் மிச்சம் பிடித்து, இரண்டு பஸ் மாறி, டிக்கட் வாங்கிப் போனவன் அவன். கேள்வி கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு. ஆனால் போத்தல் ஒரு கேள்வியல்ல. கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரிந்தவன் கைக்குப் போத்தல் வராது.

சரியாகக் கேட்பது எப்படி? இருபத்தோரு ஆண்டுகள் பின்னோக்கிப் போய், 1996ஆம் ஆண்டின் உலகக்கிண்ணத்தைப் பார்ப்போம்.

மார்ச் 13ஆம் திகதி கல்கத்தாவில் அரையிறுதி. நாணயச்சுழற்சியில் வென்ற இந்தியத் தலைவர் அசாருதீன், இலங்கையை முதலில் துடுப்பெடுத்தாடச் சொன்னார். அதற்கு நியாயமான காரணம் இருந்தது. பதினொரு நாளுக்கு முன் டில்லியில், இந்தியா எடுத்த 271 ஓட்டங்களை இலங்கை எளிதாகத் துரத்திப் பிடித்திருந்தது. அப்படிப்பட்ட அணிக்குத் துரத்தும் வாய்ப்பைக் கொடுக்கலாமா? ஆனால் மாலையில் ஆடுகளம் சுழலத் தொடங்கியது. ஒரு விக்கெட்டுக்கு 98 என்றிருந்த இந்தியா எட்டு விக்கெட்டுக்கு 120 ஆனது. அங்கேயும் போத்தல்கள் பறந்தன. இருக்கைகள் எரிந்தன. ஆட்டம் நிறுத்தப்பட்டு இலங்கைக்கு வெற்றி வழங்கப்பட்டது.

நான்கு நாள் கழித்து லாகூரில் இறுதிப்போட்டி. இம்முறை நாணயச்சுழற்சியில் வென்றவர் அர்ஜுன ரணதுங்க. அவர் என்ன செய்தார்? அசாருதீன் எடுத்த அதே முடிவைத்தான் எடுத்தார். அவுஸ்திரேலியாவை முதலில் துடுப்பெடுத்தாடச் சொன்னார். அதுவரை நடந்த ஐந்து உலகக்கிண்ண இறுதிப்போட்டிகளிலும் முதலில் துடுப்பெடுத்தாடிய அணியே வென்றிருந்தது. அந்த வரலாற்றையே மீறிய முடிவு அது. அரவிந்த டி சில்வா மூன்று விக்கெட்டுகளை எடுத்து, ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களும் குவித்தார். கிண்ணம் நம் நாட்டுக்கு வந்தது.

ஒரே முடிவுதான். ஒருவருக்கு வசை, இன்னொருவருக்கு வாழ்த்து. நம் தமிழில் 'முடிவு' என்ற சொல்லுக்கே இரண்டு பொருள் உண்டு. யோசித்துத் தீர்மானிப்பதும் முடிவு, கடைசியில் நடப்பதும் முடிவு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் நம் விவாதங்களின் பெரிய குறை. தீர்மானிப்பது மனிதன் கையில் இருக்கிறது. நடப்பது முழுவதும் அவன் கையில் இல்லை.

அப்படியானால் யார் என்ன செய்தாலும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? இல்லை. துணிந்து எடுத்த முடிவையும், கண்ணை மூடிக்கொண்டு எடுத்த முடிவையும் பிரித்தறிய வேண்டும். இது தேயிலைத் தோட்டத்து மக்களுக்குப் புதிய பாடமல்ல. கவாத்து வெட்டுவதை அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறார்கள். பச்சையாக நிற்கும் மலையை மொட்டையாக்குவது எவ்வளவு பெரிய துணிச்சல்! சில மாதங்களுக்குக் கொழுந்து கிடையாது. அதற்காக யாரும் கவாத்துக் கத்தியைப் பிடுங்குவதில்லை. ஏனென்றால், வயதேறிய செடியை வெட்டினால்தான் அது மறுபடி தழைக்கும் என்ற காரணம் அதற்கு உண்டு. கடும் வறட்சியில் வெட்டக் கூடாது என்ற காலமும் உண்டு. வெட்டிய பிறகு துளிர்க்க விட்டுக் காத்திருக்கும் பொறுமையும் உண்டு. இந்த மூன்றும் இல்லாவிட்டால் அது கவாத்தல்ல, செடியைக் கொல்வது.

இந்த அளவுகோலை வைத்து அடுத்து நடந்ததைப் பாருங்கள். 2017 டிசம்பரில் சந்திக்க ஹத்துருசிங்க பயிற்றுவிப்பாளராக நியமிக்கப்பட்டார். 2018 ஜனவரியில் மெத்யூஸ் மீண்டும் ஒருநாள் அணியின் தலைவரானார். செப்டெம்பரில் ஆசியக் கிண்ணத்தில் பங்களாதேஷிடமும் ஆப்கானிஸ்தானிடமும் தோற்றதும், அவரைத் தலைமையை விட்டு விலகச் சொன்னார்கள். அணியின் தோல்விக்குத் தன்னைப் பலிக்கடா ஆக்குவதாக அவர் கடிதம் எழுதினார். நட்டு ஒன்பது மாதத்தில் பிடுங்கினால் எந்தச் செடி வேர் பிடிக்கும்? அதுமட்டுமல்ல, திட்டம் போட்டவர்கள் பலர் இருக்க, பழி ஒருவர் தலையில் மட்டும் விழுந்தது. துணிந்து முடிவெடுப்பவர், தோல்வி வந்தால் முதலில் தன் கையை உயர்த்த வேண்டும். மற்றவரைக் காட்டுவது துணிச்சலல்ல.

இன்னொரு முடிவையும் பார்ப்போம். 2019 பெப்ரவரியில் தினேஷ் சந்திமாலை நீக்கிவிட்டு, திமுத் கருணாரத்னவின் தலைமையில் டெஸ்ட் அணி தென்னாபிரிக்காவுக்குப் போனது. காயத்தால் பலர் இல்லை. ஆபத்தான முடிவுதான். ஆனால் காரணம் இருந்தது. 2018ஆம் ஆண்டுக்கான ஐ.சி.சி. டெஸ்ட் அணியில் இடம்பிடித்த துடுப்பாட்ட வீரர் அவர். டர்பனில் 304 ஓட்டங்களைத் துரத்தும்போது 226க்கு ஒன்பது விக்கெட்டுகள் போய்விட்டன. கடைசி விக்கெட்டுக்கு விஷ்வ பெர்னாண்டோவை வைத்துக்கொண்டு குசல் பெரேரா மீதி 78 ஓட்டங்களையும் சேர்த்தார். ஆட்டமிழக்காமல் அவர் எடுத்தது 153. அடுத்த டெஸ்டையும் வென்று, தென்னாபிரிக்காவில் டெஸ்ட் தொடரைக் கைப்பற்றிய முதல் ஆசிய அணி என்ற பெயரை இலங்கை பெற்றது.

அந்தப் பத்தாவது விக்கெட் ஒரு பந்தில் விழுந்திருந்தால்? அதே தெரிவாளர்களை அதே தேநீர்க்கடையில் முட்டாள்கள் என்றிருப்போம். முடிவு மாறியிருக்காது, நம் தீர்ப்பு மட்டும் மாறியிருக்கும். அடுத்த மாதமே அங்கு ஒருநாள் தொடரில் இலங்கை 5–0 எனத் தோற்றதையும் மறக்க வேண்டாம். ஒரு வெற்றியால் எல்லா முடிவும் சரியாகிவிடாது. ஒரு தோல்வியால் எல்லாம் தவறாகியும் விடாது. தலைமையிலிருந்து தூக்கப்பட்ட அதே மெத்யூஸ்தான், 2019 ஜூனில் உலகக்கிண்ணத்தில் இங்கிலாந்தை வென்றபோது ஆட்டமிழக்காமல் 85 ஓட்டங்கள் எடுத்தார்.

நம் மலைநாட்டிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. தேயிலைத் தோட்ட வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவரின் பேரன் முத்தையா முரளிதரன். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் அவர் மிதவேகப் பந்துவீச்சாளராகத்தான் இருந்தார். பதினான்கு வயதில் சுழல் பந்துவீச்சுக்கு மாறச் சொன்னவர் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ. அந்தப் பிள்ளை 2010ஆம் ஆண்டு 800 விக்கெட்டுகளோடு டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றார். அதனால் அந்தப் பயிற்றுவிப்பாளரின் பெயர் நமக்குத் தெரிகிறது. இதேபோல் நல்ல மனதோடு மாற்றிப் பார்த்து, பலன் கிடைக்காமல் போனவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களை யார் நினைக்கிறார்கள்?

இதையெல்லாம் ஒரு குடும்பப் பத்திரிகையில் ஏன் எழுத வேண்டும் என்று சில தாய்மார்கள் கேட்கலாம். நம் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அணி இருக்கிறது, அதனால்தான். தோட்டப் பாடசாலையில் முதலாவதாக வந்த மகளை, வாப்பாவோ அப்பாவோ துணிந்து டவுன் பாடசாலையில் சேர்க்கிறார். விடியலில் எழும்பி பஸ் பிடிக்க வேண்டும். பாதிப் பாடம் விளங்கவில்லை. முதல் தவணையில் புள்ளி சரிகிறது. உடனே உறவு முழுவதும் பயிற்றுவிப்பாளராகி விடுகிறது. "நான் அன்றைக்கே சொன்னேனே!" என்று மாமி சொல்வார். "பொம்பளப் புள்ளைக்கு இது தேவையா?" என்று பெரியப்பா கேட்பார். அந்தச் சொல்லைத் தாங்க முடியாமல் பிள்ளையைத் திருப்பிக் கூட்டிவந்து விடுகிறார்கள். அந்தப் பிள்ளை இரண்டாம் தவணையில் என்ன செய்திருக்கும் என்று இனி யாருக்கும் தெரியப் போவதில்லை.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. காரணத்தோடு சேர்த்தோமா? பிள்ளையிடம் கேட்டோமா? போதிய காலம் கொடுத்தோமா? சரிவராவிட்டால் பழியைப் பிள்ளையின் தலையில் போடாமல் நாம் ஏற்போமா? நான்குக்கும் 'ஆம்' என்றால், புள்ளி குறைந்தாலும் அது நல்ல முடிவுதான். ஒன்றுக்காவது 'இல்லை' என்றால், அதைத் திருத்துவோம். பிள்ளையைத் திட்ட வேண்டாம்.

கிரிக்கெட்டைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை பிடியுங்கள், அது நம் மலையகத்தின் சுகங்களில் ஒன்று. ஆனால் அடுத்த தோல்வியின்போது, "யாரைத் தூக்கணும்?" என்று கேட்குமுன் "அந்த நேரத்தில் நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன்?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். வீட்டுக்குத் திரும்பியதும் அதே கேள்வியோடு பிள்ளையின் புள்ளி அட்டையைக் கையில் எடுங்கள்.