சட்டம் அனுமதித்தால் சரியாகிவிடுமா?

சென்ற மாதம் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று பல நாட்கள் நம் மனத்தை விட்டு அகலவில்லை. எழுதியவர் ஒரு தாய், கணவரை இழந்தவர், இருந்த நிலத்தை அடகு வைத்து ஒரே மகனைக் கனடா நாட்டிற்கு மேற்படிப்புக்காக அனுப்பியவர். விடுமுறைக்கு ஊர் வந்த மகன், தான் தங்கியுள்ள டொரண்டோ நகரில் கஞ்சா கடைகளில் வெளிப்படையாக விற்கப்படுவதையும், தானும் நண்பர்களோடு எப்போதாவது புகைப்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னானாம். தாய் பதறியபோது, “அம்மா, அங்கே அது சட்டப்படி சரி. இங்கே அரசாங்கமே மதுக்கடை நடத்துகிறதே, அதைவிட இது மோசமா?” என்று கேட்டானாம். “நான் படிக்காதவள். அவனுக்கு என்ன மறுமொழி சொல்வது?” என்று அந்தத் தாய் கேட்கிறார்.

உடனே, “அது பாவம், விட்டுவிடு” என்று ஒரு வரியில் எழுதி அனுப்பிவிடலாம். ஆனால் கற்ற பிள்ளைகள் ஒருபக்க வாதத்தை ஏற்பதில்லை. நாம் சொல்லாது விட்ட மறுபக்கத்தை அவர்கள் வேறிடத்தில் கேட்டறிவர். ஆதலின் இரு பக்கங்களையும் நேர்மையாக எடைபோட்டுப் பார்ப்போம்.

கனடாவில் கஞ்சா 1923-இல் தடை செய்யப்பட்டது. தடை இருந்தும் பயன்பாடு பெருகவே, 1969-இல் அரசு ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. தன் சொந்தப் பயன்பாட்டிற்காகச் சிறிதளவு வைத்திருப்பதைக் குற்றமாகக் கருத வேண்டாம் என்று அக்குழுவின் பெரும்பான்மையோர் 1972-இல் பரிந்துரைத்தனர். எனினும், சட்டம் மாற மேலும் 46 ஆண்டுகள் சென்றன. உருகுவே நாடு 2013-இல் முதன்முதலாக நாடு முழுவதற்கும் அனுமதி வழங்கிச் சட்டம் இயற்றியது. அதற்கடுத்து 2018 அக்டோபர் 17 அன்று கனடாவில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டம் கட்டற்ற அனுமதியன்று. வயது வந்த ஒருவர் பொது இடத்தில் 30 கிராம் உலர்ந்த கஞ்சா வரையே வைத்திருக்கலாம். பெரும்பாலான மாநிலங்களில் 19 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். கியூபெக் மாநிலத்தில் 21. வயது வராதோர்க்கு விற்றாலோ கொடுத்தாலோ 14 ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம். நாட்டின் எல்லையைக் கடந்து கொண்டுசெல்லுதல் அனுமதிக்குப் பின்னரும் குற்றமே.

அனுமதியை ஆதரிப்போர் கூறுவதென்ன? 95 ஆண்டுத் தடை கஞ்சாவை ஒழிக்கவில்லை; ஒழியாத வாணிபத்தின் ஆதாயமெல்லாம் குற்றக் கூட்டங்களுக்கே சென்றது. ஒருமுறை பிடிபட்ட இளைஞனின் பெயர் காவல்துறைப் பதிவேட்டில் ஏறிவிட, வேலையும் வெளிநாட்டுப் பயணமும் அவனுக்கு எட்டாக்கனியாயின. இவ்வாறு நேர்ந்தவர்களுள் ஏழைகளும் சிறுபான்மையினருமே மிகுதி. கள்ளச் சந்தையில் வாங்குவோர்க்குப் பொருளின் வீரியமும் தெரியாது, கலப்படமும் தெரியாது. இவ்வாதங்களில் உண்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அனுமதிக்குப் பின் கஞ்சா வைத்திருந்ததற்கான வழக்குகள் பெரிதும் குறைந்தன. 2023-ஆம் ஆண்டளவில், பயன்படுத்துவோரில் பத்துக்கு ஏழு பேர் அளவில் சட்டபூர்வமான கடைகளிலேயே வாங்குவதாகக் கணக்கெடுப்புகள் தெரிவித்தன. இளைஞர்களிடையே பயன்பாடு வெள்ளமெனப் பெருகும் என்று பலர் அஞ்சினர், அவ்வாறு பெருகவில்லை. ஆயினும், முன்பே மிகுதியாயிருந்த பழக்கம் குறையவுமில்லை.

மருத்துவப் பயனையும் மறுப்பதற்கில்லை. கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளைக் கொண்டு, குழந்தைகளைத் தாக்கும் இரு கொடிய வலிப்பு நோய்களுக்கான மருந்து அமெரிக்காவில் 2018-இல் ஏற்கப்பட்டது. அம்மருந்து போதை தருவதன்று. மருந்தாவதனாலேயே ஒரு பொருளைப் பொழுதுபோக்காகவும் கொள்ளலாம் என்பது பொருந்தாது. அபினியிலிருந்து மார்ஃபின் கிடைக்கிறது; அதற்காக அபினியை யாரும் பரிந்துரைப்பதில்லை.

இனி மறுபக்கம். இன்றைய கஞ்சா நம் பாட்டனார் காலத்துக் கஞ்சா அன்று. அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவை ஆய்ந்தபோது, போதை தரும் பொருளின் அளவு 1995-இல் 4 விழுக்காடாக இருந்தது, 2014-இல் 12 விழுக்காடாக உயர்ந்திருந்தது. மனித மூளையோ ஏறத்தாழ 25 வயது வரை வளர்கின்றது. சுவீடன் நாட்டில் படைப்பணிக்கு வந்த 45,000-க்கு மேற்பட்ட இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1987-இல் வெளியாயிற்று. ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியிருந்தோர்க்கு மனச்சிதைவு நோய் வரும் அபாயம், பயன்படுத்தாதோரைவிட ஆறு மடங்கு என்று அது கண்டது. எல்லார்க்கும் இந்நோய் வருவதில்லை. மிகச் சிலர்க்கே வரும். ஆனால் அந்தச் சிலருள் ஒருவன் நம் மகனாக இருப்பின், அந்தக் கணக்கு நம்மைத் தேற்றுமா?

மற்றொன்று நம் நெஞ்சை உலுக்குகின்றது. 2019 இறுதியிலிருந்து கனடாவில் கஞ்சா கலந்த மிட்டாய்களும் தின்பண்டங்களும் கடைக்கு வந்தன. அவற்றை விற்க அனுமதித்த ஒன்டாரியோ முதலிய மாநிலங்களில், அறியாமல் எடுத்துத் தின்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சிறு குழந்தைகளின் தொகை பன்மடங்கு உயர்ந்தது. இத்தகைய மிட்டாய்களைத் தடுத்த கியூபெக் மாநிலத்தில் அந்த உயர்வு மிகக் குறைவு. சட்டத்தின் ஒரு வரி எத்தனை குழந்தைகளைக் காக்கவோ கைவிடவோ கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? தாய்லாந்து நாடும் 2022-இல் கட்டுப்பாடுகளைப் போதிய அளவு வகுக்காமலே கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. கடைகள் தெருவெங்கும் பெருகவே, 2025-இல் மருத்துவரின் சீட்டு இன்றி விற்கலாகாது என்று மீண்டும் இறுக்க நேர்ந்தது.

நம் நாட்டின் வரலாறும் அறியத்தக்கது. ஆங்கிலேய அரசு 1893-இல் அமைத்த குழு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. முழுத் தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்றும், மிகையான பயன்பாடே தீங்கு என்றும் அது அறிக்கை தந்தது. பின்னர் 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பிறந்தது. இதன்படி கஞ்சாவை உட்கொள்வதற்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. 20 கிலோவுக்கு மேல் வைத்திருந்தால் பத்து முதல் இருபது ஆண்டுகள். ஆனால் பழக்கத்திற்கு அடிமையானவர் தாமே முன்வந்து மருத்துவம் பெற விரும்பினால், வழக்கிலிருந்து விலக்களிக்கவும் அச்சட்டத்திலேயே வழி உண்டு. இதைப் பெற்றோர் பலர் அறியார். அறியாமையால் பிள்ளைகளை மறைத்து வைத்து நோயை முற்றவிடுகின்றனர்.

இனித் தாயின் கேள்விக்கு வருவோம். சட்டம் அனுமதிப்பது எல்லாம் நன்மையா? 13-ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமா அக்குவினாஸ் இதை ஆராய்ந்தார். மனிதச் சட்டம் எல்லாத் தீமைகளையும் தடுப்பதில்லை. பிறர்க்குக் கேடு விளைக்கும் பெருந்தீமைகளையே முதன்மையாகத் தடுக்கின்றது என்பது அவர் கருத்து. அப்படியாயின், சட்டம் ஒன்றைத் தண்டிக்காமல் விடுவது, ‘இது நல்லது’ என்று அது சான்றிதழ் தருவதாகாது. சட்டம் நிற்கும் இடத்திற்கு அப்பால் மனச்சான்றின் பணி தொடங்குகின்றது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2014 ஜூன் மாதம் உரோமையில், மென்போதைப்பொருட்களுக்கு அனுமதி வழங்குவதையும் ஏற்க மறுத்தார். ஆனால் தடையோடு நின்றுவிடாமல், வாழ்வுக்கும் அன்புக்கும் கல்விக்கும் வேலைக்கும் ‘ஆம்’ என்று சொல்ல வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். ஒரு நாடு எவ்வகைச் சட்டம் இயற்ற வேண்டும் என்பதில் நல்லோரிடையேயும் கருத்து வேறுபாடு இருக்கலாம். தன் மகன் புகைக்கலாமா என்பதில் ஒரு தாய்க்கு ஐயம் வேண்டியதில்லை.

மதுக்கடையைச் சுட்டிய மகனின் கேள்வி கூர்மையானது. அதற்கு நாம் நாணவே வேண்டும். தகப்பன் மாலைதோறும் குடித்துவிட்டு வரும் வீட்டில், கஞ்சாவைக் கண்டிக்கும் குரலுக்கு வலுவிராது. ஆயினும் ஒரு தீமை இருப்பது மற்றொன்றுக்கு நியாயமாகாது. மது எத்தனை குடும்பங்களைக் கெடுத்தது என்பதைக் கண்ணாரக் கண்ட நாம், அதே பாதையில் இன்னொரு கதவைத் திறப்பானேன்?

அன்புத் தாயே, உங்கள் மகன் உங்களிடம் மறைக்கவில்லை. அதுவே பெரும் நம்பிக்கைக்கு இடம் தருகின்றது. கத்தி அந்தக் கதவை அடைத்துவிடாதீர்கள். குளிரும் தனிமையும் கடன் சுமையும் அவனை எப்படி வாட்டுகின்றன என்று முதலில் கேளுங்கள். “எப்போதாவது” என்பது வாரத்திற்கு எத்தனை முறை என்பதையும் மெல்லக் கேளுங்கள். உங்கள் குடும்பத்தில் யாருக்கேனும் மனநோய் இருந்திருப்பின் அதை மறைக்காது சொல்லுங்கள்; அவ்வாறு இருப்போர்க்கு ஆபத்து மிகுதி. ஊருக்கு வரும்போது விளையாட்டாகக்கூட அதைக் கையில் எடுத்து வரலாகாது என்று எச்சரியுங்கள். பிறகு இதைச் சொல்லுங்கள்: “மகனே, அந்த நாட்டுச் சட்டம் உன்னைத் தண்டிக்காது, ஆனால் உனக்கு ஒன்று நேர்ந்தால் அந்தச் சட்டம் வந்து உன் படுக்கையருகே உட்காராது. நான்தான் உட்காருவேன்.”

படிக்காதவள் என்று எழுதினீர்கள். இதைச் சொல்வதற்குப் படிப்பு வேண்டியதில்லை, தாயே.