கையா, கருவியா?

சென்ற மாதம் நண்பர் ஒருவர் தம் புதல்வியையும் அவளுடைய காற்றுத் துப்பாக்கியையும் அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். "குறி பார்ப்பதில் கெட்டிக்காரியாக இருந்தவள். இப்போது சுடும் குண்டெல்லாம் கீழேயே போகிறது. கை நடுங்குகிறது என்று நான் சொன்னால், பயிற்சியையே விட்டுவிடுகிறேன் என்கிறாள்!" என்றார். பெண் தலை குனிந்து நின்றாள்.

கையைக் குற்றம் சொல்லுமுன் கருவியைப் பார்ப்பதல்லவா முறை?

இந்தத் துப்பாக்கியில் மருந்து இல்லை. குழலை மடக்கினால் ஸ்பிரிங் சுருங்கிப் பிஸ்டன் பின்னே செல்கிறது. விசையை இழுத்ததும் பிஸ்டன் முன்னே பாய்ந்து காற்றை நெருக்க, அக்காற்றே குண்டைத் தள்ளுகிறது. காற்று வழியில் கசியாமல் காவல் காப்போர் இருவர். ஒருவர் பிஸ்டன் தலையில் உள்ள வாஷர். மற்றவர் குழல் வந்து சேரும் மூட்டில் உள்ள சிறு வளையம். காவலாளி தூங்கினால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் குண்டு தாழும். பத்து மீட்டர் ரைபிள் போட்டியில் பத்து மதிப்பெண் பெறும் நடுப்புள்ளியின் குறுக்களவு 0.5 மில்லிமீட்டர்தான். 2008-ல் பீஜிங்கில் அபினவ் பிந்திரா தங்கம் வென்றது இந்தப் போட்டியிலேதான். அங்கே அற்பக் குறைவும் அற்பமாகாது.

முதலில் மூட்டு வளையத்தைப் பாருங்கள். அது உலோகத்தின் மட்டத்துக்குச் சற்றே மேலெழுந்து நிற்க வேண்டும். தட்டையாகியிருந்தாலும், வெடித்திருந்தாலும் ஆயுள் முடிந்தது. சந்தேகமானால், பயிற்சி நிலையத்தில் மூட்டின்மேல் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வைத்து, குண்டு போட்டுச் சுட்டுப் பாருங்கள். காகிதம் பறந்தால் அங்கே காற்று கசிகிறது.

காகிதம் அசையாமல் வேகம் மட்டும் குறைந்திருந்தால், பிஸ்டன் வாஷர்மீதோ ஸ்பிரிங்மீதோ சந்தேகம் கொள்ளலாம். வேகம் ஒவ்வொரு முறையும் ஏறி இறங்குவதும், பிஸ்டன் மோதும் ஓசை கடுமையாவதும் வாஷர் தேய்ந்ததற்கு அறிகுறிகள். ஆனால் திறந்து பார்ப்பது விளையாட்டல்ல. உள்ளே ஸ்பிரிங் அழுத்தப்பட்டிருக்கிறது. தக்க அழுத்து கருவியின்றிக் கழற்றினால் பாய்ந்து காயப்படுத்தும். அந்த வேலை அனுபவசாலிக்கே உரியது.

வாஷரை அகாலத்தில் கொல்லும் பழக்கங்களும் உண்டு. குண்டு போடாமல் சுட்டால், காற்றின் மெத்தை இல்லாமல் பிஸ்டன் முட்டி மோதும். எண்ணெயை அளவின்றி ஊற்றினால், நெருங்கிய காற்றின் சூட்டில் அது எரிந்து புகையும். தோல் வாஷருக்கு ஓரிரு துளி தேவை. பிளாஸ்டிக் வாஷருக்கோ தயாரிப்பாளர் சொன்னதற்குமேல் ஒரு துளியும் கூடாது.

நண்பருடன் பயிற்சி நிலையத்துக்குச் சென்றோம். காகிதம் பறந்தது! வளையம் அப்பளம்போல் தட்டையாகியிருந்தது. புதிய வளையம் பொருத்தியபின் அந்தப் பெண் பத்துக் குண்டுகள் சுட்டாள். பத்தும் பழைய இடத்திலேயே ஒன்றுகூடின.

"என் கை நடுங்கவில்லை, அப்பா!" என்றாள்.

நண்பர் பதில் சொல்லவில்லை. துப்பாக்கிப் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.