சுகர் மிஷினையும் சோதிக்க வேண்டும்

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால், தறியை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களும் நடமாட முடியாத முதியவர்களும் வீட்டிலேயே சுகர் பார்த்துக்கொள்கிறார்கள். லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வுபெற்று சங்கரன்கோவிலில் வசிக்கும் நான் இதை மனதார வரவேற்கிறேன். அங்கே சுகர் மிஷின் காட்டும் எண்ணை நம்பித்தான் மாத்திரை கூடுகிறது, குறைகிறது. ஆகவே அந்த எண்ணைச் சோதிக்கும் ஏற்பாடும் வீடுவரை வர வேண்டும்.

லேபில் காலையில் முதலில் ஓடுவது நோயாளியின் ரத்தம் அல்ல; அளவு தெரிந்த கன்ட்ரோல். அது வரம்புக்குள் வந்தால்தான் அன்றைய வேலை தொடங்கும். வேலூர் சி.எம்.சி. நடத்தும் தரச்சோதனைத் திட்டத்தில் சேர்ந்த லேப்கள், அங்கிருந்து வரும் மாதிரிகளைப் பரிசோதித்து முடிவை அனுப்பி, மற்ற லேப்களோடு ஒப்பிட்டுக்கொள்கின்றன. கையடக்க மிஷினுக்கு இந்தக் காவல் பெரும்பாலும் இல்லை.

ஐ.எஸ்.ஓ. 15197 தரவிதி, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீத வேறுபாட்டை அனுமதிக்கிறது. லேபில் 200 என்றால் மிஷினில் 170 வந்தாலும் 230 வந்தாலும் விதிப்படி சரியே. மற்ற பிழைகள் இதற்கு மேல் சேருபவை. பழம் உரித்த கையைக் கழுவாமல் குத்தினால் அளவு ஏறும். விரலைப் பிதுக்கி எடுத்தால் திசுநீர் கலந்துவிடும். பெரும்பாலான ஸ்ட்ரிப்களை 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வண்டிப் பையில் கிடக்கும் டப்பாவின் கதியை எண்ணிப் பாருங்கள்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது ரத்தசோகை. பல மிஷின்கள் ரத்தசோகை உள்ளவருக்குச் சுகரை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். தேசிய குடும்பநல ஆய்வின் (2019-21) படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. பொய்யாக ஏறிய எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டினால், தாழ்சுகரில் மயங்கி விழுபவர் அந்தப் பெண்தான்.

ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இத்தகைய பிழை தெரியும். 2020 ஏப்ரலில் கொரோனா ரேபிட் கிட்களைத் திருப்பி அனுப்பச் சொன்னது ஐ.சி.எம்.ஆர். ஆர்.டி.-பி.சி.ஆர். முடிவோடு ஒப்பிட்டதால்தான் அந்தக் கிட்களின் குறை வெளிப்பட்டது. பூ மார்க்கெட் தராசுக்கே முத்திரை கேட்கும் நாம், உயிரை நிறுக்கும் மிஷினுக்கு ஏன் கேட்பதில்லை?

வழி எளிது. மிஷினுக்கென்றே கன்ட்ரோல் சொல்யூஷன் உண்டு. வர வேண்டிய அளவு ஸ்ட்ரிப் டப்பாவிலேயே அச்சாகியிருக்கும். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாரம் ஒரு முறையும், புது டப்பா திறக்கும்போதும், மிஷின் கீழே விழுந்தாலும் இதைச் சோதித்து நோட்டில் எழுத வேண்டும். நம்ப முடியாத எண் வந்தால், கையைக் கழுவி மறுபடி பார்த்து, நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் உறுதிசெய்த பிறகே மாத்திரையை மாற்ற வேண்டும். வியர்த்துக் கை நடுங்குபவருக்கு மட்டும் எதற்கும் காத்திராமல் முதலில் சர்க்கரை கொடுங்கள்.

சுகாதாரத் துறை இதை ஓர் உத்தரவாகவே போட வேண்டும். வீட்டுக்கு வரும் தன்னார்வலர் சகோதரிகளுக்குப் பயிற்சியும், பையில் ஒரு கன்ட்ரோல் பாட்டிலும் கொடுத்தால், திட்டத்தின் மீது மக்கள் வைத்த நம்பிக்கைக்கு அதுவே தகுந்த மரியாதை.