டர்போ இருக்கிறது சரி, கியரைக் குறைத்தீர்களா?

கொஞ்சம் நீளமான பதிவு. மலைக்கு வண்டி எடுப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போனோம். மருமகன் புதிதாக வாங்கிய ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் கார். "மாமா, மலையில மத்த வண்டிதான் திணறும், இது திணறாதுன்னு ஷோரூம்ல சொன்னாங்க" என்றார். பர்லியாறு தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவு. மூன்றாம் கியரிலேயே திருப்பினார். வண்டி உதறி நின்றது. இரண்டடி பின்னால் சரிந்தது. பின்னால் அரசுப் பேருந்து. அந்த ஓட்டுநர் இடைவெளி விட்டு வந்ததால் தப்பித்தோம். என் பேத்தி அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

வண்டியில் கோளாறு இல்லை. ஷோரூமில் சொன்னது பொய்யும் இல்லை. பாதிப் பாடம், அவ்வளவுதான்.

முழுப் பாடம் இது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். சாதாரண எஞ்சினின் சக்தியும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறையும். டர்போ, புகைபோக்கி வழியே வீணாகும் புகையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. 1918இல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலை உச்சியில் சான்ஃபோர்ட் மாஸ் என்ற பொறியாளர் ஒரு விமான எஞ்சினை வைத்து இதைச் சோதித்தார். தரையில் 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின் உச்சியில் 230 தான் தந்தது. டர்போ பொருத்தியதும் 356!

ஆனால் அந்தச் சக்கரம் சுழலப் புகை வேண்டும். புகை வர எஞ்சின் வேகமாக ஓட வேண்டும். வளைவில் எஞ்சின் வேகம் 1,500க்குக் கீழே இறங்கினால் டர்போ தூங்கிவிடும். அப்போது உங்களிடம் இருப்பது வெறும் ஒரு லிட்டர் எஞ்சின், அதுவும் மெல்லிய காற்றில். வளைவுக்கு முன்பே இரண்டாம் கியர், தேவைப்பட்டால் முதல் கியர். இதை யாரும் சொல்லித் தரவில்லை.

உயரத்துக்கும் எல்லை உண்டு. 5,359 மீட்டர் உயரமுள்ள கார்துங் லாவில் காற்றழுத்தம் பாதிதான். அங்கே டர்போவும் திணறும்.

இன்னொன்று. ஏறும்போது உதவும் டர்போ இறங்கும்போது உதவாது. சின்ன எஞ்சின், கியரில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் பலமும் குறைவு. கல்லட்டியில் 36 வளைவுகள். பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறிக் கைவிட்டுவிடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்று பழைய ஓட்டுநர்கள் சொன்னது இன்றைக்கும் செல்லும்.

என் கருத்து இதுதான். வண்டி விற்பவர்கள் சாவி கொடுக்கும் நாளில் இந்தப் பத்து நிமிடப் பாடத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சமதளத்தில் ஓட்டக் கற்றுக்கொண்ட பிள்ளைகளை, நல்ல எஞ்சின் இருக்கிறது என்ற ஒரே தைரியத்தில் மலைக்கு அனுப்பாதீர்கள்.

திரும்பும்போது மருமகன் இரண்டாம் கியரிலேயே இறக்கினார். பேத்தி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தாள்.

உங்கள் மலை அனுபவங்களைக் கீழே எழுதுங்கள்.