முதல் கொழுந்தின் ருசி: ஜப்பானின் புதுத் தேநீரை ஒப்பிட்டுச் சுவைப்பது எப்படி?

ஏப்ரல் பிறந்ததும் ஜப்பானின் தேயிலைக் கடை வாசல்களில் கொடிகள் ஏறத் தொடங்கும். அவற்றில் எழுதியிருப்பது ஒரே சொல்தான்: 'ஷின்ச்சா'. புதுத் தேயிலை என்று பொருள். அந்த ஆண்டின் முதல் பறிப்பில் கிடைத்த கொழுந்து. முன்கூட்டியே பெயர் கொடுத்துவைத்து, வந்த அன்றே வாங்கிப்போகிறவர்கள் உண்டு.

அதே செடியில் ஜூன் மாதம் பறிக்கும் இலையைவிட இதற்கு விலையும் அதிகம். அப்படி என்ன இருக்கிறது இந்த முதல் கொழுந்தில்? கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறவர், அந்த வித்தியாசத்தைக் கோப்பையில் எப்படிக் கண்டுகொள்வது?

குளிர்காலத்துச் சேமிப்பு

ஜப்பானில் ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க முடியாது. இலையுதிர்காலம் முடிந்ததும் தேயிலைச் செடி உறங்கப்போய்விடும். குளிர் விலகி வசந்தம் வரும்போதுதான் புதுத் துளிர் எட்டிப்பார்க்கும். அந்த ஓய்வுக் காலத்தில் சேர்த்துவைத்த சத்தெல்லாம் முதல் துளிருக்குப் போய்ச் சேருகிறது.

அவற்றில் முக்கியமானது தியானின் என்ற அமினோ அமிலம். இது செடியின் வேரில் உருவாகி, மேலே ஏறிக் கொழுந்தில் தங்குகிறது. தேநீருக்கு இதமான இனிப்பையும் 'உமாமி' என்கிற ருசியையும் தருவது இதுதான். தக்காளி ரசத்திலும் காளான் குழம்பிலும் நாக்கில் நின்று நிதானமாகப் பரவும் ஒரு ருசி உண்டல்லவா? அதுதான் உமாமி. 1908-ல் கிகுனாயே இகேதா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கடற்பாசிச் சாற்றை ஆராய்ந்து இதற்குப் பெயர் வைத்தார்.

கொழுந்தின்மேல் வெயில் படப்பட, தியானின் குறைந்து கேட்டச்சின் கூடுகிறது. கேட்டச்சின்தான் துவர்ப்பு. கோடை வெயிலில் மளமளவென்று வளரும் இரண்டாம் பறிப்பு இலை துவர்ப்பதற்கும், இளவெயிலில் மெல்ல விரியும் முதல் கொழுந்து இனிப்பதற்கும் காரணம் இதுவே.

எண்பத்தெட்டாம் நாள்

ஜப்பானின் பழைய நாட்காட்டிப்படி பிப்ரவரி தொடக்கத்தில் வசந்தம் பிறக்கிறது. அதிலிருந்து எண்ணி வரும் 88-வது நாள், மே 1 அல்லது 2-ம் தேதி வாக்கில் வரும். அன்று பறித்த தேயிலையைக் குடித்தால் நோய் நொடியின்றி வாழலாம் என்பது அந்த ஊர் நம்பிக்கை. 1912-ல் வெளியான பள்ளிப் பாடல் ஒன்றிலும் இந்த நாள் இடம்பெற்றுவிட்டதால், தேயிலைத் தோட்டத்தையே பார்க்காத குழந்தைக்கும் இது தெரியும்.

ஆனால், செடி நாட்காட்டி பார்த்துத் துளிர்ப்பதில்லை. தெற்கே ககோஷிமாவைச் சேர்ந்த தானேகாஷிமா தீவில் மார்ச் இறுதியிலேயே பறிப்பு தொடங்கிவிடும். ஏப்ரலில் ககோஷிமாவின் பெரிய தோட்டங்கள், பிறகு ஷிசுவோகா, மே மாதத்தில் கியோட்டோ அருகே ஊஜி, டோக்கியோவுக்கு அருகே சயாமா என்று பறிப்பு வடக்கு நோக்கி நகரும்.

இந்த வாரங்களில் விவசாயியின் பெரிய பயம் பனி. மேகமில்லாத, காற்றில்லாத ஓர் இரவில் உறைபனி இறங்கினால் துளிர் கருகிவிடும். அதனால்தான் ஜப்பானியத் தேயிலைத் தோட்டங்களில் உயரமான கம்பங்களின் மேல் மின்விசிறிகளைப் பார்க்கலாம். மேலே இருக்கும் கொஞ்சம் வெதுவெதுப்பான காற்றை அவை செடிகளின் மேல் தள்ளும். தேயிலை விவசாயிக்கு ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி இந்த முதல் பறிப்பிலிருந்துதான் வருகிறது. ஓர் இரவு தவறினால் அடுத்த வசந்தம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

வாங்குகிறவர் இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். சீசனின் முதல் நாட்களில் சந்தைக்கு வரும் இலைக்கு 'முதல்' என்ற பெருமைக்கும் சேர்த்து விலை வைக்கப்படுகிறது. இரண்டு வாரம் பொறுத்தால், அதே முதல் பறிப்பில் நன்கு தேறிய இலையே இன்னும் நியாயமான விலையில் கிடைக்கும்.

முப்பது விநாடியா, அறுபதா?

பறித்த கொழுந்து தானாகக் கறுக்கத் தொடங்கும். அதை விட்டுவிட்டால் கறுப்புத் தேயிலையின் பக்கம் போய்விடும். பச்சை பச்சையாகவே இருக்க, அன்றைக்கே ஆவியில் வேகவைக்கிறார்கள். பிறகு சூட்டிலேயே உருட்டி, முறுக்கி, ஊசி போல் உலர்த்துகிறார்கள். இந்த முறையை 1738-ல் ஊஜி பகுதியின் நாகதானி சோயென் செம்மைப்படுத்தினார் என்பது வரலாறு. இப்படிச் செய்த தேயிலைக்கு 'சென்ச்சா' என்று பெயர்.

எத்தனை விநாடி ஆவி காட்டுவது என்பதில்தான் ருசி பிரிகிறது. சுமார் 30 விநாடி என்றால் இலை முழுதாக நிற்கும். தேநீர் தெளிவாக, இளமஞ்சள் கலந்த பச்சையாக இறங்கும். மணம் முன்னால் வரும். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆவி காட்டினால் இலை உதிர்ந்து தூளாகும். தேநீர் கலங்கலாக, அடர்பச்சையாக, கொழகொழப்பாக இறங்கும். துவர்ப்பு அடங்கி, இனிப்பு முன்னால் வரும். இதற்கு 'ஃபுகாமுஷி' என்று பெயர். கலங்கல் என்றதும் மட்டம் என்று நினைக்கக் கூடாது. அது ஒரு பாணி.

நான்கு ஊர், நான்கு கோப்பை

ஷின்ச்சாவை ஒப்பிட விரும்புகிறவர்கள், ஒரே ஊரில் நான்கு வாங்குவதைவிட நான்கு ஊர்களில் ஒவ்வொன்று வாங்கினால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

*ககோஷிமாவின் சிரான்:* வெப்பமான தெற்கு. யுதாகாமிதோரி, சாஎமிதோரி போன்ற, சீக்கிரம் துளிர்க்கும் ரகங்கள் இங்கே அதிகம். பறிப்பதற்குச் சில நாட்கள் முன்பு துணி போர்த்தி நிழல் தருவதும் உண்டு. நீண்ட நேரம் ஆவி காட்டுவதும் வழக்கம். கோப்பையில் கண்ணைப் பறிக்கும் பச்சை, நிறைந்த இனிப்பு. பச்சைத் தேநீர் என்றாலே கசப்பு என்று ஒதுங்குபவர்கள் இதில் தொடங்கலாம்.

*ஷிசுவோகாவின் மகினோஹாரா பீடபூமி:* ஆட்சி மாறி வேலையிழந்த சாமுராய் வீரர்கள் 1869-ல் மண்வெட்டி பிடித்துத் தேயிலை நட்ட இடம். வெயில் நன்றாக விழுவதால் இலை தடிமன், துவர்ப்பும் கூடுதல். அதை அடக்கத்தான் இங்கே நீண்ட ஆவி முறை வளர்ந்தது. ருசியில் கனம் இருக்கும். இனிப்போடு ஒரு சிட்டிகை கசப்பும் சேர்ந்துவரும்.

*ஷிசுவோகாவின் மலைப்பகுதிகள்:* கவானே, ஹோன்யாமா போன்றவை. மூடுபனியும் குறைந்த வெயிலும் உள்ள சரிவுகள். இலை மெல்லியது, ஆவியும் கொஞ்சம்தான். நிறத்தைப் பார்த்தால் 'இவ்வளவு வெளிறிப்போயிருக்கிறதே' என்று தோன்றும். முகர்ந்தால் மழை ஓய்ந்த தோட்டத்தின் மணம். குடித்து முடித்த பிறகுதான் தொண்டையில் இனிப்பு எழும்.

*சாகாவின் உரெஷினோ:* இங்கே ஆவிக்குப் பதில் சூடான இரும்புச் சட்டியில் இலையை வறுக்கும் பழைய முறை இன்னும் இருக்கிறது. இலை ஊசியாக இல்லாமல் சுருண்டிருக்கும். பச்சை வாசனை பின்வாங்கி, வறுத்த பருப்பை நினைவூட்டும் மணம் முன்னால் வரும்.

பொட்டலத்தில் 'யாபுகிதா' என்ற பெயரும் அடிக்கடி கண்ணில் படும். 1908-ல் ஷிசுவோகாவில் ஹிகோசபுரோ சுகியாமா என்பவர் தேர்ந்தெடுத்த ரகம் அது. மூங்கில் புதரின் வடக்கே நின்ற செடி என்பதால் அந்தப் பெயர். இன்று ஜப்பானின் தேயிலைப் பரப்பில் பாதிக்கும் மேல் இந்த ஒரே ரகம்தான். அதனால் மலைப்பகுதி யாபுகிதாவையும் சமவெளி யாபுகிதாவையும் அருகருகே வைத்துக் குடித்தால், செடி ஒன்றாக இருந்தும் மண்ணும் வெயிலும் ஆவியும் செய்யும் வேலை தெரியும்.

எல்லாம் புதிதாகத்தான் இருக்க வேண்டுமா?

பொங்கலுக்குப் புத்தரிசி, அன்றாடச் சோற்றுக்குப் பழைய அரிசி என்று தமிழ் வீடுகளில் பிரிப்பதுண்டு. தேயிலையிலும் அப்படி ஒரு பிரிவு இருக்கிறது. 20 நாள் வரை நிழலில் வளர்த்த 'கியோகுரோ', தூளாக அரைத்து மச்சா செய்யப் பயன்படும் 'தென்ச்சா' ஆகியவற்றை உடனே குடிக்க அவசரப்படுவதில்லை. மே மாதம் பறித்ததை மூடிவைத்து, நவம்பரில் ஜாடியைத் திறப்பது தேநீர்ச் சடங்கு உலகின் பெரிய நாள். இந்தச் சில மாதங்களில் பச்சை வாசனையின் முரட்டுத்தனம் அடங்கி, ருசி ஆழமாகும்.

ஆகவே, ஷின்ச்சாவிடம் எதிர்பார்க்க வேண்டியது ஆழத்தை அல்ல, மணத்தை. புது இலையின் வாசனை போய்விடக் கூடாது என்றுதான் பல தயாரிப்பாளர்கள் கடைசிச் சூட்டைக்கூட இதற்குக் குறைவாகக் கொடுக்கிறார்கள்.

வீட்டில் ஒப்பிட்டுப் பார்க்க

தேயிலையைத் தரம் பார்ப்பவர்கள் வெள்ளைக் கிண்ணங்களில் சுமார் 3 கிராம் இலை போட்டு, கொதிக்கும் நீரையே ஊற்றுவார்கள். கொதிநீர் இலையின் குறைகளை மறைக்காது என்பதே காரணம். வீட்டில் ரசித்துக் குடிக்கும்போது அது வேண்டாம்.

ஒரே மாதிரியான வெள்ளைக் கோப்பைகளாக எடுத்துக்கொள்ளவும். ஒவ்வொன்றுக்கும் 3 கிராம் இலை, 100 மில்லி நீர். நீரைக் கொதிக்கவிட்டு இறக்கி, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு இரண்டு முறை மாற்றினால் ஏறக்குறைய 75 முதல் 80 டிகிரிக்கு வந்துவிடும். ஒரு நிமிடம் ஊறவைத்து, கடைசிச் சொட்டு வரை வடிக்க வேண்டும். நீர் தேங்கினால் அடுத்த முறை கசக்கும். தூளாக இருக்கும் ஃபுகாமுஷிக்கு 40 விநாடி போதும்.

உப்புத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். ஜப்பானின் நீர் மென்மையானது. கடின நீரில் இந்த இலையின் மணம் எழும்பாது. பால், சர்க்கரை பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பிறகு வரிசையாகக் கவனிக்கலாம். உலர்ந்த இலையைச் சூடான காலிக் கோப்பையில் போட்டு முகர்வது முதல் படி. அடுத்து நிறம். தேநீரின் மேல் மெல்லிய தூசி போல் ஏதோ மிதந்தால் பயப்பட வேண்டாம். இளங்கொழுந்தின் பூனைமுடிதான் அது, நல்ல அடையாளம். பின் ஒரு மடக்கு வாயில் வைத்திருந்து, முதலில் இனிப்பு வருகிறதா, துவர்ப்பு வருகிறதா, விழுங்கியபின் எது நிற்கிறது என்று பார்க்கலாம். இரண்டாம் முறை, இன்னும் சூடான நீரைப் பத்து விநாடி மட்டும் விட்டு வடித்தால் துவர்ப்பு எழும். இனிப்பும் துவர்ப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்கிறதா என்பது இந்தச் சுற்றில்தான் தெரியும்.

மிஞ்சிய இலையை எறிந்துவிட வேண்டாம். முதல் கொழுந்து மிருதுவானது. சில துளி சோயா சாஸ் விட்டு ஜப்பானியர் கீரை போல் சாப்பிடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை: இளங்கொழுந்தில் கஃபீன் குறைவல்ல. தூக்கம் வராதவர்கள் மாலையில் தவிர்க்கலாம். இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள் மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது.

மலைச்சரிவுக்கு வந்த சோதனை

2024-ல் ஜப்பானியத் தேயிலை உலகில் ஒரு திருப்பம் நடந்தது. நெடுங்காலமாக உற்பத்தியில் முதலிடத்தில் இருந்த ஷிசுவோகாவை ககோஷிமா முதன்முறையாக முந்தியது. ககோஷிமாவில் சுமார் 27,000 டன், ஷிசுவோகாவில் சுமார் 25,800 டன். தெற்கின் தோட்டங்கள் சமதளமானவை. ஏறி ஓட்டும் இயந்திரத்தால் வேகமாகப் பறிக்கலாம். ஷிசுவோகாவின் மலைச்சரிவுகளில் அது முடியாது. அங்கே துண்டு நிலங்கள், வயதான விவசாயிகள், தொடர்ந்து செய்ய ஆளில்லாத குடும்பங்கள்.

ஜப்பானியர் வீடுகளிலும் தேநீர்க் குடுவை எடுப்பது குறைந்து, பாட்டில் தேநீர் கூடிவிட்டது. இன்னொரு பக்கம், உலகமெங்கும் மச்சா மோகம் ஏறியதால் சென்ச்சாவை விட்டுத் தென்ச்சாவுக்கு மாறுகிற தோட்டங்களும் பெருகுகின்றன. விவசாயியைக் குறை சொல்ல முடியாது. விலை எங்கே இருக்கிறதோ அங்கேதான் அவரும் போக முடியும். ஆனால், நான்கு கோப்பைகளில் அந்த வெளிறிய, மணமுள்ள மலைக் கோப்பைதான் முதலில் காணாமல் போகக்கூடியது. ஒப்பிட்டுக் குடிப்பவர்கள் அதைத் தேடி வாங்குவதற்கு இதுவே நல்ல காரணம்.

வாங்கினால் 50 கிராம் பொட்டலமாக வாங்குவது நல்லது. பிரிக்காதவரை குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வந்தபின் பிரிக்க வேண்டும். இல்லையென்றால் இலை ஈரம் கோத்துவிடும். பிரித்தபின் சில வாரங்களில் முடித்துவிட வேண்டும். விருந்தாளி வந்தால் கொடுக்கலாம் என்று அலமாரியில் பத்திரப்படுத்தினால், விருந்தாளி வரும்போது இலை இருக்கும், வாசனை இருக்காது.