படகுச் சவாரியும் பயணக் கட்டுரையும்: ஒரு மறுப்பு

1

சிங்கப்பூர் சென்று திரும்பும் நம் எழுத்தாளர்கள் அநேகமாக மூன்று பத்திகளை எழுதாமல் இருப்பதில்லை. முதலாவது, விமான நிலையத்தின் ஒழுங்கு. இரண்டாவது, சிராங்கூன் சாலையில் தமிழ் காதில் விழுந்த பரவசம். மூன்றாவது, ஆற்றில் படகுச் சவாரி. கிளார்க் கீயில் ஏறி, நாற்பது நிமிடம் மிதந்து, மரீனா வளைகுடாவில் மெர்லயன் சிலை வாயிலிருந்து நீர் பீய்ச்சுவதைப் படமெடுத்து, இறங்கும்போது கூவத்தை நினைத்து ஒரு பெருமூச்சு விடுவது. 'அவர்களால் பத்தாண்டுகளில் முடிந்தது நம்மால் ஏன் முடியவில்லை?' என்ற கேள்வியோடு கட்டுரை முற்றுப்பெறும்.

முதல் இரண்டு பத்திகளோடு எனக்குப் பெரிய வழக்கு ஏதும் இல்லை. அவை சலிப்பூட்டுபவை, அவ்வளவுதான். மூன்றாவது பத்தி அப்படிப்பட்டதன்று. துறைமுகத்தைப் பார்த்துவிட்டதாக நம்பிக்கொண்டு, துறைமுகம் அகற்றப்பட்ட இடத்தை அது வருணிக்கிறது. அகற்றப்பட்டது சாக்கடை மட்டுமே என்ற செய்தியையும் கூடவே ஊருக்கு எடுத்துவருகிறது. இச்செய்தி நம் ஊரில் யாருக்குப் பயன்படுகிறது, யார் தலையில் விழுகிறது என்பதைப் பற்றி இலக்கிய வாசகர்கள் இனியேனும் யோசிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

முதலில் அந்த நீரைப் பற்றி. 2008இல் மரீனா அணை திறக்கப்பட்டது. அதன் ஒன்பது எஃகுக் கதவுகள் கடலை வெளியே நிறுத்தின. வளைகுடாவிலிருந்த உப்பு நீர் படிப்படியாக மழைநீரால் மாற்றப்பட்டு, இன்று அது ஒரு நன்னீர்த் தேக்கம். தீவின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழை அங்கு வந்து சேர்கிறது. பொறியியல் என்ற வகையில் இது பெரிய சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் சவாரி செல்பவர் கடற்காற்று வாங்குவதாக எழுதும்போது, ஏற்ற இறக்கமும் உப்பும் நீக்கப்பட்ட ஓர் ஏரியின் மேல் அவர் மிதக்கிறார் என்பதை யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும்.

அடுத்து அந்தப் படகைப் பற்றி. அதன் உருவம் சுற்றுலாவுக்கென்று உருவானதன்று. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக, ஆழமான நீரில் நங்கூரமிட்ட கப்பல்களுக்கும் போட் கீயின் கிடங்குகளுக்கும் இடையே அரிசியையும் ரப்பரையும் வெள்ளீயத்தையும் சுமந்து சென்ற சரக்குப் படகுகளின் வழித்தோன்றல் அது. மூட்டை இருந்த இடத்தில் இப்போது இருக்கை இருக்கிறது. படகின் முகப்பில் கண் வரைவது சீனப் படகோட்டிகளின் வழக்கம். படகு தன் வழியைத் தானே பார்த்துச் செல்ல வேண்டும் என்பது நம்பிக்கை. இன்றைய படகில் பார்க்கும் வேலை பயணிக்கு ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. பயணி, காட்டப்படுவதைப் பார்க்கிறார்.

இப்படகு தமிழுக்கு அந்நியமன்று. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைப் படித்தவர்களுக்குத் தொங்கான் என்ற சொல் நினைவிருக்கும். மலாய்க் கடல்களின் சரக்கு மரக்கலத்துக்குத் தமிழர் வாயில் வழங்கிய பெயர் அது. படகோட்டுதலும் அந்நியமன்று. 1819இல் ராஃபிள்ஸ் வந்திறங்கிய சில ஆண்டுகளில், 1822இல் வகுக்கப்பட்ட நகரத் திட்டத்திலேயே ஆற்றின் தென்கரையில் சூலியாக்களுக்கு ஒரு குடியிருப்பு ஒதுக்கப்பட்டது. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற இவர்களே தொடக்க காலத்தில் ஆற்றுச் சரக்குப் படகுத் தொழிலில் முன்னணியில் இருந்தவர்கள். பின்னரே அது ஹொக்கியன், தியோச்சியூ சீனர்களின் கைக்குச் சென்றது. இன்று சூலியா தெரு வங்கிக் கோபுரங்களின் காலடியில் ஒரு பெயர்ப் பலகையாக எஞ்சியிருக்கிறது. சிராங்கூன் சாலையில் தமிழ் கேட்டு நெகிழும் நம் எழுத்தாளர், தம் மொழி பேசியவர்கள் துடுப்புப் போட்ட ஆற்றின் மேல் தாம் இருப்பதை அறியாமலேயே இறங்கிவிடுகிறார்.

1972ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஜூன் மாதத்தில் தஞ்சோங் பகாருக்கு முதல் சரக்குப் பெட்டகக் கப்பல் வந்து சேர்ந்தது. செப்டம்பரில் ஆற்று முகத்துவாரத்தில் மெர்லயன் சிலை திறந்துவைக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் சிங்காரத்தின் நாவலும் அச்சேறியது. பெட்டகம் வந்ததும் மூட்டை தூக்கும் முதுகுக்கும் தொங்கானுக்கும் நாள் குறிக்கப்பட்டுவிட்டது. துறைமுகம் உழைப்பின் இடம் என்பதிலிருந்து காட்சியின் இடம் என்பதாக மாறத் தொடங்கிய தருணத்தில், அக்கடலின் பழைய வாழ்வை ஒரு தமிழ் நாவல் எழுதி வைத்திருக்கிறது. நம் பயணக் கட்டுரையாளர்களோ இம்மூன்றில் சிலையை மட்டுமே கண்டார்கள். அந்தச் சிலையும்கூட, 1997இல் கட்டிமுடிக்கப்பட்ட எஸ்பிளனேட் பாலம் காட்சியை மறைத்துவிட்டதென்று 2002இல் இடம் மாற்றப்பட்டது. ஒரு நகரம் தன் சின்னத்தைப் படம் எடுக்க வசதியான கோணத்துக்கு நகர்த்தி வைக்கிறது என்றால், அங்கு எது முதன்மை பெற்றிருக்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

3

சவாரியின் ஒலிபெருக்கி விளக்கங்களில் கூலிகளைப் பற்றிய குறிப்பே இருக்காது என்று நான் சொல்லவரவில்லை. கரையோரத்தில் அவர்களுக்கு வெண்கலச் சிலைகளே இருக்கின்றன. ஆற்றில் குதிக்கும் சிறுவர்கள், மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றும் தொழிலாளர்கள், கணக்குப் பார்க்கும் செட்டியார் என வரிசையாக. அந்தச் செட்டியார்கள் இருந்து தொழில் செய்த மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் இடிக்கப்பட்டுவிட்டன, சிலை வைக்கப்பட்டிருக்கிறது. உயிரோடு இருந்தவரை இடையூறாகக் கருதப்பட்டவை, உலோகமான பிறகு அழகாகிவிடுகின்றன. என் புகார் குறிப்பு இல்லை என்பதைப் பற்றியதன்று. உழைப்பு எப்போதும் 'முன்னொரு காலத்தில்' என்ற வாக்கியத்துக்குள் மட்டுமே அனுமதிக்கப்படுகிறது என்பதைப் பற்றியது.

முகத்துவாரத்தில் ஒரு பெரும் பாறை இருந்தது. யாராலும் உறுதியாகப் படித்தறிய முடியாத பழைய எழுத்துகள் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. 1843இல் ஆங்கிலேயர் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். எஞ்சிய ஒரு துண்டு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படகு கடந்து செல்லும் கவெனா பாலம் 1869இல் முடிந்தது; இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பைக் கொண்டு நிறைவேறிய கடைசிப் பெரும்பணிகளுள் அது ஒன்று. தெற்கே செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு இன்று பொழுதுபோக்க வருவோர் படகில் செல்கிறார்கள். 1874இல் அங்குத் தொற்றுத் தடுப்பு நிலையம் அமைந்தது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலின் மேல்தளத்தில் வந்த நம் முன்னோர் பலர் சிங்கப்பூர் மண்ணை மிதிக்கும் முன் தங்கவைக்கப்பட்ட இடம் அது. ரஜுலா கப்பலைப் பற்றி உறவினர் வாயிலாகக் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் தஞ்சைப் பகுதியில் இன்னும் உண்டு. இவற்றில் ஒன்றேனும் நம் கட்டுரைகளில் வந்திருந்தால் அந்த மூன்றாவது பத்தியை மன்னித்திருக்கலாம்.

உண்மையான துறைமுகமோ வேறிடத்தில் இருக்கிறது. 2024இல் சிங்கப்பூர் 4 கோடியே 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டக அலகுகளைக் கையாண்டது. தீவின் மேற்கு மூலையில் 2022இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகத்தில் ஓட்டுநர் இல்லாத வண்டிகள் பெட்டகங்களை இழுத்துச் செல்கின்றன. கிளார்க் கீ படகிலிருந்து இவை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. உலகின் மிகச் சுறுசுறுப்பான துறைமுகங்களுள் ஒன்றைக் கொண்ட ஊரில், துறைமுகம் என்று பயணிக்குக் காட்டப்படுவது கப்பல் நுழைய முடியாத ஒரு நீர்நிலை.

எல்லாச் சவாரிகளும் இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் சுற்றுலாப் படகுகள் பெட்டகக் கப்பல்களின் விலாவை ஒட்டியே செல்கின்றன. வழக்கமான சவாரியோடு, நாஜிகளின் காலத்தில் அத்துறைமுகத்தில் சுரண்டப்பட்ட அடிமை உழைப்பைப் பற்றிச் சொல்லும் மாற்றுச் சவாரிகளும் அங்கு நடத்தப்பட்டுள்ளன. 1944இல் வதைமுகாம் கைதிகளை அடைத்து வைத்த கிடங்கு ஒன்று இன்றும் அத்துறையில் நிற்கிறது. நீரிலிருந்து பார்ப்பது என்பதே மறப்பது என்று ஆகிவிடாது. யார், எதைச் சொல்லிக் காட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

4

இனி கூவத்துக்கு வருவோம்.

1977இல் சிங்கப்பூரின் பிரதமர் லீ குவான் யூ பத்தாண்டு இலக்கு வைத்தார். 1987இல் பணி நிறைவேறியது. இந்த இரண்டு ஆண்டுகளும் நம் கட்டுரைகளில் தவறாமல் வரும். இடையில் நடந்தவை வருவதில்லை. சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் வடிநிலத்தையும் சேர்த்து ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் மூடப்பட்டன. தெருவோர வியாபாரிகள் அகற்றப்பட்டார்கள். 1983இல் சுமார் 800 சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டதோடு ஆற்றில் படகுத் தொழில் முடிந்தது.

ஆறு நாறியது, சுத்தப்படுத்தியது தவறா என்று கேட்பார்கள். தவறில்லை. அந்த நாற்றத்தில் வாழ்ந்தவர்களும் அதை விரும்பி வாழவில்லை. பெட்டகங்கள் வந்த பிறகு தொங்கான்கள் எப்படியும் மறைந்திருக்கும் என்பதும் உண்மை. இடம்பெயர்க்கப்பட்டவர்களுக்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளும், வியாபாரிகளுக்குக் குழாய்நீரும் கழிவுநீர் வசதியும் கொண்ட அங்காடி நிலையங்களும் கிடைத்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இங்குதான் நம் கட்டுரையாளரின் பிழை வெறும் ரசனைப் பிழை என்பதைத் தாண்டுகிறது. கழிவை அகற்றுவதும் மனிதரை அகற்றுவதும் இரு வேறு செயல்கள். சவாரியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன, ஏனெனில் எஞ்சியிருப்பது பளிங்கு போன்ற நீர் மட்டுமே. அவ்விரண்டையும் ஒன்றாகக் கண்டவர், ஊர் திரும்பியதும் இரண்டையும் ஒன்றாகவே பரிந்துரைக்கிறார். மாற்று வீடு, மாற்றுத் தொழிலிடம் என்ற மூன்றாவது செயல் அவர் கண்ணில் படவே இல்லை.

சென்னையில் 'சிங்கப்பூர் போல' என்ற சொற்றொடருக்கு என்ன விலை என்பதைக் கூவம் கரையில் கேட்க வேண்டும். கூவம் சீரமைப்புத் திட்டத்தின் கீழ் 14,000க்கும் மேற்பட்ட குடும்பங்களை அப்புறப்படுத்தத் திட்டமிடப்பட்டது. நகரின் நடுவே வீட்டு வேலையும் கட்டட வேலையும் செய்து வாழ்ந்தவர்கள் இருபது, முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுசெல்லப்பட்டார்கள். பிள்ளைகளின் பள்ளி இங்கே, வீடு அங்கே. பேருந்துக் கட்டணத்துக்கே கூலியில் ஒரு பங்கு. அதேவேளை கூவத்தில் விழும் சாக்கடை குடிசைகளிலிருந்து மட்டும் வருவதன்று. நல்ல வீடுகளின், நிறுவனங்களின் குழாய்களும் அங்குதான் முடிகின்றன. குழாய்கள் இடம்பெயர்க்கப்படவில்லை. நம் மொழியில் இதற்கு 'ஆக்கிரமிப்பு அகற்றம்' என்ற அலுவலகச் சொல் தயாராக இருக்கிறது. அச்சொல் கூசாமல் புழங்குவதற்கான மனநிலையை உருவாக்கியதில், பெருமூச்சோடு முடிந்த நூற்றுக்கணக்கான பயணக் கட்டுரைகளுக்கும் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

1970களின் தொடக்கத்தில் கூவத்திலும் உல்லாசப் படகு விடப்பட்டது. அது நிலைக்கவில்லை. சாக்கடையை நிறுத்தாமல் படகை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. ஆனாலும் ஆறு என்றால் சவாரி என்ற கனவு மட்டும் நம்மை விட்டு நீங்கவில்லை.

5

இதெல்லாம் இலக்கியத்தின் வேலையா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இலக்கியத்தின் வேலைதான். துறைமுகத்தைப் பார்ப்பதற்கு நமக்குப் பழைய பயிற்சி உண்டு. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தைக் காட்டும்போது, கடலிலிருந்து நிலத்துக்கும் நிலத்திலிருந்து கடலுக்கும் மாறும் சரக்குக் குவியல்கள் இருக்கின்றன. ஓயாது சுங்கம் வாங்கிப் புலிச் சின்னம் பொறிக்கும் அலுவலர்கள் இருக்கிறார்கள். பரதவர்களின் வீடும் வலையும் வழிபாடும் இருக்கின்றன. அது ஒரு மன்னனைப் புகழ எழுதப்பட்ட பாட்டுதான். இருந்தும் அதன் புலவர் துறைமுகத்தில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பதைப் பார்த்திருக்கிறார். அரசவைப் புகழ்ப்பாட்டில் இருக்கும் கவனம்கூட இல்லாத ஒன்றை நாம் நவீன உரைநடை என்று கொண்டாடிக்கொண்டிருக்கிறோம்.

யாரும் படகில் ஏறக் கூடாது என்று சொல்லும் அளவுக்கு நான் துறவியல்லன். இரவில் அந்த நீரும் விளக்குகளும் அழகாகவே இருக்கின்றன. ஏறுங்கள், பாருங்கள். எழுத உட்காரும்போது மட்டும் சில கேள்விகளை எழுப்பிக்கொள்ளுங்கள். இந்தப் படகு முன்பு எதைச் சுமந்தது? சுமந்தவர்கள் எங்கே போனார்கள்? போன இடத்தில் அவர்களுக்கு என்ன கிடைத்தது? இவற்றுக்கு விடை தேடாமல் கூவத்தின் பெயரை எடுக்காதீர்கள். அதன் கரையில் இன்னும் மனிதர்கள் வாழ்கிறார்கள். உங்கள் பெருமூச்சு அவர்கள் வீட்டுக் கதவில் ஒட்டப்படும் அறிவிப்பாக மாறக்கூடும்.