பாட்டில் வேண்டாம், மணல் பெட்டி போதும்!

நீங்கள் கேட்டவை

கேள்வி: "மக்காச்சோளத்தில் இறங்கும் கிளிகளை விரட்ட வாங்கிய ஏர்கன் ஒன்று வீட்டில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன், லீவு நாளில் வேலிக்கல் மேல் பாட்டில்களை அடுக்கி வைத்துச் சுடுகிறான். உடைந்த கண்ணாடி குத்தி, பசுவின் கால் புண்ணாகிவிட்டது. துப்பாக்கியை ஒளித்து வைக்கச் சொல்கிறார் மாமியார். ஆனால், குறி பார்த்துச் சுடுவதில் பையனுக்கு உண்மையான ஆர்வம் இருக்கிறது. ஆபத்து இல்லாமல் பழக வழி உண்டா?"
- வாசகி, ஒட்டன்சத்திரம் பகுதி.

பதில்: வழி உண்டு. அதற்கு முதலில் பாட்டிலையும் வேலிக்கல்லையும் விட்டுவிட வேண்டும். எதைச் சுடுகிறோம் என்பதைவிட, சுட்ட குண்டு எங்கே போய் நிற்கிறது என்பதுதான் முக்கியம். ஏர்கன் குண்டு சில நூறு மீட்டர் தூரம்கூடப் போகும். வேலிக்கு அப்பால் ஆடு மேய்ப்பவர் இருக்கலாம். தென்னையில் ஆள் ஏறியிருக்கலாம். கல், சிமென்ட் சுவர், மரத்தின் அடிப்பகுதி, தண்ணீர் எதில் பட்டாலும் குண்டு தெறித்துத் திரும்பும். கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும்.

ஆகவே, குண்டை விழுங்கிக்கொள்ளும் இலக்குதான் நல்ல இலக்கு. அதை வீட்டிலேயே செய்யலாம்.

ஓர் அடிக்குக் குறையாத ஆழமுள்ள பழைய மரப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கல் இல்லாமல் சலித்த மணலைச் சிறு சணல் சாக்கில் நிரப்பிக் கட்டி, பெட்டிக்குள் இறுக்கமாக வையுங்கள். மணல் கிடைக்காவிட்டால், பழைய செய்தித்தாள்களைக் கட்டுக்கட்டாக அழுத்தி அடுக்கலாம். பெட்டியின் வாய்ப்பக்கம் அட்டையைப் பொருத்தி, அதில் குறித்தாளை ஒட்டுங்கள். முதலில் வீட்டுப் பெரியவர் பத்து முறை சுட்டு, பெட்டியின் பின்பக்கம் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே இடத்தில் தொடர்ந்து அடித்தால் காகிதம் குழிந்துவிடும். அதனால் அவ்வப்போது கட்டுகளை மாற்றி அடுக்க வேண்டும்.

பெட்டிக்குப் பின்னால் ஆள் உயர மண்மேடு கட்டாயம் இருக்க வேண்டும். பெட்டியைத் தவறவிட்ட குண்டை அதுதான் தடுக்கும். கிணறு வெட்டிப் போட்ட குவியல் இதற்கு ஆகாது. அதில் பாறைத் துண்டுகள் இருக்கும். வைக்கோல் போரும் எருக்குழியும் கூடவே கூடாது. குண்டு ஈயத்தால் ஆனது. வைக்கோலில் தங்கினால் மாட்டின் வயிற்றுக்குப் போகும். எருவில் தங்கினால் நிலத்துக்குப் போகும். மண்ணில் சிதறிய குண்டைக் கோழி, கல் பொறுக்குவது போலப் பொறுக்கித் தின்னும். இரை அரைக்கும் பையில் அது தேய்ந்து, ஈயம் ரத்தத்தில் கலக்கும், முட்டையிலும் சேரும். அந்த முட்டையைத்தான் நம் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள்.

குறித்தாளுக்குச் செலவே இல்லை. 10 ரூபாய் நாணயத்தைக் காகிதத்தில் வைத்து வட்டம் போட்டால், 27 மி.மீ. அகல இலக்கு தயார். 10 மீட்டர் தூரத்திலிருந்து ஐந்து குண்டுகள் சுடச் சொல்லுங்கள். ஐந்தும் ஓரிடத்தில் குவிந்து, வட்டத்துக்கு வெளியே இருந்தால், கை சரியாக இருக்கிறது. துப்பாக்கியின் குறிமுனையைத்தான் சரிசெய்ய வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால், மூச்சும் பிடியும் இன்னும் பழக வேண்டும். பாட்டில் உடைந்தால் இந்தப் பாடம் கிடைக்காது. தாளில் தேதி எழுதி வைத்தால் முன்னேற்றம் பையனுக்கே புரியும்.

உடைவதைப் பார்க்க ஆசைப்பட்டால், களிமண்ணை மெல்லிய வட்டுகளாகத் தட்டி, சூளையில் சுடாமல் வெயிலில் மட்டும் காயவைத்து, பெட்டிக்கு முன்னால் தொங்கவிடுங்கள். உடைந்த துண்டு மழையில் கரைந்து மண்ணாகிவிடும். சொத்தைக் கத்திரிக்காயையும் தொங்கவிடலாம். ஆனால், குண்டு பாய்ந்த காயை மாட்டுக்குப் போடாதீர்கள்.

பையன் சுடும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கண்ணாடி அணிய வேண்டும். குண்டுகளை வாயில் அடக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் சில பிள்ளைகளிடம் உண்டு. அதை உடனே நிறுத்துங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். மணலைச் சலித்து எடுத்த குண்டுகளை மூடி போட்ட டப்பாவில் சேர்த்து, பழைய பேட்டரி வாங்கும் கடையில் கொடுத்துவிடுங்கள். தூண்டிலுக்கு ஈயக்குண்டு செய்கிறேன் என்று வீட்டில் உருக்க வேண்டாம். அந்தப் புகை விஷம்.

உங்கள் மாமியார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பழகாத நேரத்தில் துப்பாக்கியும் குண்டும் தனித்தனியாகப் பூட்டுக்குள் இருக்கட்டும். சாவி உங்களிடம் இருக்கட்டும்.

கேள்வி: "கடையில் விற்கும் இலக்குகளில் எதை வாங்கலாம்?"

பதில்: முதலில் வாங்க வேண்டியது போட்டி அட்டை. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்கான அட்டை 8 செ.மீ. சதுரம். அதன் நடுப்புள்ளி வெறும் 0.5 மி.மீ. தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், உலகக் கோப்பையில் தங்கம் வென்றது இந்த 10 மீட்டர் போட்டியில்தான். இரண்டாவது, புனல் போல உள்ளே சரிந்த இரும்புப் பெட்டி. அட்டையைத் துளைத்த குண்டு அடியில் விழுந்து சேர்ந்துவிடும். அடிபட்டால் சுழலும் தகடுகள் பார்க்க அழகுதான். ஆனால், ஈயக்குண்டுக்கு மட்டும், 10 மீட்டருக்குக் குறையாத தூரத்தில், அதே மண்மேட்டுக்கு முன்னால் வைத்துப் பயன்படுத்துங்கள். உருண்டையான இரும்பு ரவை, இரும்பில் பட்டால் சுட்டவர் மேலேயே திரும்பும்.

கேள்வி: "நன்றாகப் பழகிய பிறகு, தோட்டத்துக்கு வரும் மயிலைச் சுட்டு விரட்டலாமா?"

பதில்: கூடாது. ஆயுத விதிகள் 2016-ன்படி, 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மிகாத விசையும் உள்ள ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை. ஆனால், அது பறவைகளைச் சுட அனுமதி ஆகாது. மயில், 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைச் சுட்டால் சிறைத் தண்டனை உண்டு. கிளியும் பாதுகாக்கப்பட்ட பறவைதான். விரட்டுவதற்கு மினுக்கும் ரிப்பன், வலை, தகர டப்பா ஓசை ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள். துப்பாக்கி, மணல் பெட்டியோடு நிற்கட்டும்.